கறுப்பு வுல்ஸ்லியின் பின் சீட்டில் உட்கார்ந்தது யார்?

நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் பாதி பாடம் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்டவர்களைப் பார்த்தவன் நான்.

இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போய்ப் படங்கள் போட்டிருந்தார். பளபளவென்று ஒரு கறுப்பு வுல்ஸ்லி. முன் பம்பரில் வெள்ளி மாதிரி மின்னும் மணி. கூரையில் 'போலீஸ்' என்று எழுதிய பெட்டி. பக்கத்தில் பழைய சீருடை போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவரோடு நம் தம்பி கைகுலுக்குகிறார். அதுவரை நல்ல படம்தான். நானும் விருப்பக்குறி போட்டேன்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இதுதான் போலீஸ். இந்த வண்டி தெருவுக்குள் வந்தால் ஊரே அடங்கும். இப்போது இருக்கும் மஞ்சள் நீலக் கட்டம் போட்ட வண்டியைப் பார்த்தால் எவன் பயப்படுகிறான்?" அதன் கீழே நம் ஆட்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். "அந்தக் காலம் அந்தக் காலம்தான் சார்." "அப்போ குற்றமே கிடையாது." "நம்ம ஊருக்கும் இப்படி ஒரு கம்பீரம் வேணும்." ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "போலீஸும் வாத்தியாரும் அடிக்கிற உரிமையை இழந்தப்பவே நாடு கெட்டுப் போச்சு" என்று எழுதியிருக்கிறார். அவரும் என்னிடம் படித்தவர்தான்.

தம்பிகளா, உங்கள் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தக் கருத்து மேல் கோபம் இருக்கிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் காரைப் பற்றியே பேசுவோம். கார் பிடிக்காதவன் என்று என்னை நினைக்க வேண்டாம். வுல்ஸ்லி அழகான வண்டி. முன்பக்கக் கம்பிச் சட்டத்தின் நடுவே அதன் பெயர்ப்பட்டைக்கு உள்ளே விளக்கு எரியும். இரவில் தூரத்தில் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தாலே லண்டன் ஆட்களுக்குப் போலீஸ் என்று தெரிந்துவிடும். 1948இல் வந்த 6/80 என்ற மாடல், ஆறு சிலிண்டர், 2.2 லிட்டர் எஞ்சின். அதன் பிறகு 6/90, 6/99, 6/110 என்று 1968 வரை வரிசையாக வந்தன. லண்டன் பெருநகரக் காவல் துறை இருபது ஆண்டுகளுக்கும் மேல் இந்தக் குடும்பத்து வண்டிகளைத்தான் அதிகம் நம்பியது.

ஆனால் பூஜை போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 6/80 எஞ்சினில் புகை வெளியேறும் வால்வுகள் கருகிப்போவது அந்த மாடலின் பெயர் பெற்ற வியாதி. பணிமனை மெக்கானிக் தலையைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார். கண்காட்சியில் இருக்கும் வண்டி மெழுகு தேய்த்து வெயில் பார்த்து வெளியே எடுக்கும் வண்டி. வேலை பார்த்த வண்டி அப்படி இருந்திருக்காது. ஓய்வு பெற்றவரை மாலை போட்டு மேடையில் உட்கார வைத்துப் பார்ப்பதற்கும், பணியில் இருந்தபோது பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எனக்கும் மாலை போட்டார்கள். அன்று நானும் பளபளவென்றுதான் இருந்தேன்.

இரண்டாவது, "அது அசல் பிரிட்டிஷ் கம்பீரம்" என்ற பெருமை. 1970களில் இங்கிலாந்துப் போலீசின் செல்லப்பிள்ளை ரோவர் 3500. அதன் உயிர் அதன் வி8 எஞ்சின். அந்த எஞ்சின் யாருடையது? அமெரிக்காவின் பியூக் நிறுவனம் செய்து, பிறகு வேண்டாம் என்று ஒதுக்கியது. ரோவர் அதன் உரிமையை 1960களின் நடுவில் வாங்கிக்கொண்டது. தொலைக்காட்சித் தொடரால் புகழ் பெற்ற ஃபோர்டு ஸெஃபிர் தயாரானது டாகன்ஹாமில். முதலாளி இருந்தது அமெரிக்காவில். 1965இல் ஹாம்ப்ஷயர் காவல் துறை, "எங்களுக்குப் பொருள் ஏற்ற இடமும் உழைப்பும் வேண்டும்" என்று ஸ்வீடனின் வால்வோவை வாங்கியபோது, உள்நாட்டு வண்டி இருக்க அயல்நாட்டு வண்டியா என்று பெரிய முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் வால்வோ ஓடியது. வேலைக்கு ஆகிற வண்டியை வாங்குவது நிர்வாகம். கொடி பார்த்து வாங்குவது வேறு ஏதோ.

மூன்றாவது விஷயம் எனக்கு நெருக்கமானது. ஏனென்றால் அது நம் ஊர் வழியாகப் போனது.

1976இல் ரோவர் எஸ்டி1 என்ற மாடல் வந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் வாங்கியது. வி8 எஞ்சின் போட்ட எஸ்டி1 இங்கிலாந்தின் நெடுஞ்சாலைப் போலீசிடமும் லண்டன் போலீசிடமும் ஓடியது. 1987 மே மாதம், மாற்று அறுவைக்குக் காத்திருந்த ஒரு நோயாளிக்கான கல்லீரலை ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் வாங்கி, லண்டன் நடுவே கென்சிங்டனில் உள்ள மருத்துவமனைக்கு 27 மைல் தூரத்தை அரை மணிக்குள் கொண்டு சேர்த்தது லண்டன் போலீசின் எஸ்டி1. அந்த ஓட்டத்தின் ஒளிப்பதிவை இன்றும் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். உள்ளங்கை வேர்த்தது.

அதே எஸ்டி1இன் உடம்பு, அதே காலகட்டத்தில், நம் வண்டலூர் பக்கத்தில் தயாரானது தெரியுமா? ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். 1985இல் வந்தது. 1988இல் நின்றுபோனது. பார்க்க அச்சு அசல் ரோவர். உள்ளே வி8 இல்லை. பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது ஒன்றிரண்டு முறை அந்த வண்டி கடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். புலி மாதிரி முகம். சத்தம் மட்டும் வேறு. அங்கே உயிர் காக்கப் பறந்த அதே சட்டை, இங்கே வேறு இதயத்தோடு மூன்றே வருடத்தில் மூச்சு நின்றுபோனது.

நம் அம்பாசடரும் அப்படித்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பு. இங்கிலாந்தில் 1950களோடு முடிந்துபோன மாடல், இங்கே 2014 வரை ஓடியது. அமைச்சர் வந்தாலும் அம்பாசடர், போலீஸ் வந்தாலும் அம்பாசடர், கல்யாண மாப்பிள்ளை வந்தாலும் அம்பாசடர். ஒரே வண்டி மூன்று பேரைச் சுமந்தது. மூன்று பேரையும் பார்த்து ஊர் ஒரே மாதிரியா எழுந்து நின்றது? ஆக, மரியாதை தகரத்தில் இல்லை. இதற்கு மேல் நிரூபணம் வேண்டுமா?

அப்படியென்றால் அந்தக் கல்லீரல் ஓட்டத்தை நடத்தியது எது? ஓட்டுநர். அவரை உருவாக்கியது எது? பயிற்சி. இதைத்தான் கண்காட்சியில் யாரும் படம் எடுப்பதில்லை.

1930களில் லண்டன் போலீசின் ஆணையராக இருந்தவர் ட்ரெஞ்சர்ட் பிரபு. விமானப் படையை வளர்த்தவர். போலீஸ் வண்டிகள் அடிக்கடி மோதிக்கொள்வதைப் பார்த்து, ஹெண்டனில் வண்டி ஓட்டும் பள்ளி ஒன்று வந்தது. பந்தயக் கார் ஓட்டிப் பழகிய காட்டன்ஹாம் பிரபுவை அழைத்துப் பாடமுறையைச் சீர்படுத்தினார்கள். அவர் வேகத்தைச் சொல்லித்தரவில்லை நண்பர்களே. வரிசையைச் சொல்லித்தந்தார். முதலில் பார். பிறகு சாலையில் உன் இடத்தை எடு. பிறகு வேகத்தைச் சரி செய். பிறகு கியர். கடைசியில்தான் முடுக்கம். அந்தப் பாடம் 1955இல் 'ரோட்கிராஃப்ட்' என்ற புத்தகமாக வந்தது. திருத்தித் திருத்தி இன்றும் படிக்கிறார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பயிற்சி. ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இடப்பக்கம் நிற்கிற வண்டி, அதற்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கலாம். முன்னே சந்து, வேகம் குறைக்கிறேன்." பக்கத்தில் ஆசிரியர் கேட்டுக்கொண்டே வருவார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் இதே மாதிரி உண்டு. பாடக்குறிப்பு எழுதி, கடைசி வரிசையில் விரிவுரையாளர் உட்கார்ந்திருக்க, நான்காம் வகுப்புக்குப் பின்னம் நடத்த வேண்டும். கால் நடுங்கும். ஆனால் நினைப்பதை வெளியே சொல்லப் பழகியவனுக்கு நினைப்பில் இருக்கும் ஓட்டை தெரிந்துவிடும். கார் நன்றாக ஓடியது அதனால். கறுப்புச் சாயத்தால் இல்லை.

நான்காவதாக, "அப்போது குற்றமே கிடையாது" என்ற ஜோக்.

1963 ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தில் ஓடும் தபால் ரயிலை நிறுத்தி 26 லட்சம் பவுண்டு கொள்ளையடித்தார்கள். அன்றைக்கு லண்டனில் ஓடியது நீங்கள் கைகுலுக்கிய அதே வுல்ஸ்லி குடும்பம்தான் தம்பி. போலீஸ் ஜாகுவார் மார்க் 2 வாங்கியது ஏன்? 1959இல் எம்1 நெடுஞ்சாலை திறந்தது. 1965 கடைசி வரை அதில் வேக வரம்பே கிடையாது. பணக்காரன் வேகமாகப் போனான். அவனைப் பிடிக்க வேகமான வண்டி தேவைப்பட்டது. இன்னொரு வேடிக்கை, வங்கிக் கொள்ளைக்காரர்களுக்கும் பிடித்த வண்டி அதே ஜாகுவார் மார்க் 2தான். திருடிக்கொண்டு போய் அதில்தான் தப்பித்தார்கள். துரத்தியவனும் ஜாகுவார், ஓடியவனும் ஜாகுவார். இதில் கம்பீரம் எந்தப் பக்கம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "ஊரே அடங்கும்" என்று எழுதினீர்களே, அந்த அடக்கத்தின் விலை என்ன?

1950 மார்ச் மாதம் லண்டனில் டிமோதி எவன்ஸ் என்ற 25 வயது வேன் ஓட்டுநரைத் தூக்கில் போட்டார்கள். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். மனைவியும் கைக்குழந்தையும் கழுத்து நெரிக்கப்பட்டு, வீட்டுக் கொல்லையில் இருந்த துணி துவைக்கும் அறையில் கிடந்தார்கள். முன்னுக்குப் பின் முரணாக வாக்குமூலம் கொடுத்தார். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். கிறிஸ்டி சாதாரண ஆள் இல்லை, போர்க்காலத்தில் துணைப் போலீசாக வேலை பார்த்தவர். நீதிமன்றம் நம்பியது. மூன்று வருடம் கழித்து அதே வீட்டுச் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் பிணங்கள் கிடைத்தன. கொலைகாரன் கிறிஸ்டி. கிறிஸ்டி முன்பே கொன்று தோட்டத்தில் புதைத்த ஒரு பெண்ணின் தொடை எலும்பு, வேலிக்கு முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறது. எவன்ஸ் வழக்குக்காக அந்த வீட்டைச் சோதித்த போலீசின் கண்ணில் அது படவில்லை. 1966இல் எவன்சுக்கு அரசு மன்னிப்பு வழங்கியது. செத்தவனுக்கு மன்னிப்பு. யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எவன்ஸை எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பது முக்கியமல்ல. அது வுல்ஸ்லியின் காலம். நீங்கள் ஏங்குகிற காலம். தோட்டத்தில் முட்டுக்கட்டையாக நின்ற எலும்பைப் பார்க்காத கண், கையில் சிக்கிய ஏழையை மட்டும் பார்த்த காலம்.

இன்னொன்று. 1963 ஜூலை. கிரேக்க அரசி லண்டன் வந்தபோது எதிர்ப்புத் தெரிவிக்கப் போனவர்களில் டொனால்டு ரூம் என்ற கேலிச்சித்திரக்காரரும் ஒருவர். அவரைப் பிடித்த துப்பறியும் சார்ஜெண்ட் ஹெரால்டு சாலனர், ஒரு செங்கல் துண்டைக் காட்டி, இது உன் சட்டைப்பையில் இருந்தது என்றார். சாலனர் போரில் வீரப் பதக்கம் வாங்கியவர். அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஏது? ஆனால் ரூம் விவரமான ஆள். போட்டிருந்த உடுப்பை அப்படியே நிபுணரிடம் சோதனைக்குக் கொடுக்க வைத்தார். பையில் செங்கல் தூள் ஒரு துளி இல்லை. விடுதலையானார். பிறகு விசாரித்தால், இப்படிச் செங்கல் முளைத்த பைகள் இன்னும் இருந்தன. மூன்று காவலர்கள் சிறைக்குப் போனார்கள். சாலனர் மனநிலை சரியில்லாதவர் என்று மருத்துவமனைக்குப் போனார்.

ரூமுக்குத் தடயவியல் தெரிந்திருந்தது, தப்பித்தார். தெரியாதவன் கதி? அவன் பெயர் எந்தக் கண்காட்சிப் பலகையிலும் இல்லை.

சரி, அந்தக் கால மக்கள் போலீசை நேசிக்கவே இல்லையா? நேசித்தார்கள். ஆனால் எந்தப் போலீசை என்று பாருங்கள். தெருவில் நடந்து வந்த போலீசை. பால்காரரிடம் பேசி, கடைக் கதவை இழுத்துப் பார்த்து, எந்த வீட்டில் யார் நோய்வாய்ப்பட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்த காவலரை. 1955இல் தொடங்கி 1976 வரை பிபிசியில் ஓடிய 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' தொடரின் அன்பான காவலர் அப்படிப்பட்டவர்தான். நடக்கிறவர்.

அந்த நடையை நிறுத்தியது எது? கார்தான்! 1965 வாக்கில் லிவர்பூல் பக்கத்தில் கிர்க்பி என்ற புதுக் குடியிருப்பில் லங்காஷயர் காவல் துறை ஒரு சோதனை செய்தது. ஆள் குறைவு, பகுதி பெரிது. காவலருக்குச் சின்ன ஃபோர்டு ஆங்லியா, கையில் ரேடியோ. வெளிர் நீலமும் வெள்ளையும் அடித்த அந்த வண்டிக்குப் பாண்டா கார் என்று பேர். லண்டனில் மோரிஸ் மைனரில் வந்தது. 1967 முதல் உள்துறை அமைச்சகமே இதை நாடு முழுக்க ஊக்குவித்தது. காவலர் இறங்கி நடக்கவும் வேண்டும் என்பதுதான் திட்டம். காகிதத்தில். நடைமுறையில் ஆள் போதாமல் காவலர் வண்டிக்குள்ளேயே இருந்துவிட்டார். கண்ணாடி ஏறியது. தகவல் வந்தால் பறந்து வருவார், முடிந்ததும் பறந்து போவார். தீயணைப்பு வண்டி மாதிரி. தெருவுக்கு அவர் முகம் மறந்தது, அவருக்குத் தெருவின் பெயர் மட்டும் மிஞ்சியது.

நான் பாண்டா காரைக் குறை சொல்லவில்லை. மழையில் நனையாமல் வேலை பார்க்க அந்தக் காவலருக்கும் உரிமை உண்டு. ஆனால் "பழைய காரும் வேண்டும், பழைய பாசமும் வேண்டும்" என்று கேட்கிறீர்களே, பாசத்தைத் தின்றதில் அந்தக் காருக்கும் பங்கு உண்டு என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அதன் முடிவு 1981 ஏப்ரலில் தெரிந்தது. லண்டனின் பிரிக்ஸ்டன். கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழ்ந்த பகுதி. 'சதுப்பு நிலம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நடவடிக்கை. ஒரு வாரத்துக்குள் 900க்கும் மேற்பட்டவர்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். ஊர் பற்றி எரிந்தது. விசாரித்த நீதிபதி ஸ்கார்மன் பிரபு, காவல் துறை அந்த மக்களோடு பேசும் பழக்கத்தையே இழந்துவிட்டது என்பதை அழுத்திச் சொன்னார். காவல் நடையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார், ஊராரைக் கலந்து பேசச் சொன்னார். அவர் வேகமான வண்டி கேட்கவில்லை.

பிறகு 1984இல் ஒரு சட்டம் வந்தது. நிறுத்திச் சோதித்தால் காரணம் சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும். பிடித்து வைத்தால் கணக்குக் காட்ட வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க உரிமை. விசாரணையை ஒலிநாடாவில் பதிய வேண்டும். இது வந்த பிறகும் தவறுகள் நடந்தன, நடக்கின்றன. ஆனால் செங்கல் துண்டை எடுத்து மேசையில் வைப்பது முன்பைவிடக் கஷ்டமானது. இங்கிலாந்துப் போலீசிடம் நாம் கடன் வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது இந்த ஒலிநாடா. பம்பர் மணி இல்லை. நம் ஊர்க் காவல் நிலையங்களைப் பற்றி இந்தப் பதிவில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்கு ஞாபகம் வரும் பெயர்கள் எனக்கும் வருகின்றன.

இனி, "போலீஸும் வாத்தியாரும்" என்று எழுதிய தம்பிக்கு.

ஒரு விஷயம் சொல்கிறேன். இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம். ஐந்தாம் வகுப்பு. அப்போது சஞ்சயிகா என்று பள்ளியில் சிறுசேமிப்புத் திட்டம் உண்டு. பிள்ளைகள் நாலணா, எட்டணா கொண்டுவருவார்கள். ஒருநாள் மத்தியானம் எண்ணி வைத்த பதினான்கு ரூபாய் ஐம்பது பைசாவைக் காணோம். அன்றைய என் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன். அப்பா இல்லை, அம்மா செங்கல் சூளைக்குப் போகிறவர். இடைவேளையில் அவன் மட்டும் வகுப்பில் இருந்தான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "நான் எடுக்கல சார்" என்று ஒரு தடவைதான் சொன்னான். இரண்டாவது தடவை சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. எத்தனை அடி என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கும்.

மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டுக்குப் போட்டிருந்த பழுப்புத்தாள் அட்டையின் மடிப்புக்குள் அந்தப் பணம் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே செருகியது. அதுதான் என் தோட்டத்து எலும்பு. என் கண் எதிரே, என் மேசை மேல் இருந்தது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்டால் வகுப்பு அடங்காது என்று நினைத்தேன். "பணம் கிடைத்துவிட்டது" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். வகுப்பு கப்சிப் என்று இருந்தது. ஊரே அடங்கியது என்கிறீர்களே, அந்த அமைதிதான். எனக்கு அந்த அமைதி தெரியும். நான் உண்டாக்கியிருக்கிறேன். அதற்குள் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான்கு வருடத்துக்கு முன்பு பேருந்து நிலையத்தில் பார்த்து, இறங்கி வந்து காலைத் தொட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். "அன்னிக்கு நீங்க அடிச்ச அடிதான் சார் என்னை மனுசனாக்கிச்சு" என்றார். எந்த அடி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டு "நல்லா இரு தம்பி" என்றேன்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரை மனிதராக்கியது அவருடைய அம்மாவின் சூளை உழைப்பு. அவருடைய சொந்தப் பொறுமை. அதை எடுத்து என் பிரம்புக்குக் கொடுத்துவிட்டார். ஏனென்றால் பட்ட வலிக்கு ஏதாவது அர்த்தம் வேண்டுமே. வீணாகப் பட்டோம் என்று நினைத்தால் தாங்குமா? "அந்தக் காலத்து அடி நல்லது" என்று சொல்கிற எத்தனை பேருக்குள் இது இருக்கிறதோ தெரியவில்லை. பழைய வுல்ஸ்லியைத் தடவிப் பார்த்துக் கண் கலங்குகிறவர்களுக்குள்ளும் இது இருக்கலாம்.

அதனால்தான் "அடிக்கிற உரிமை" என்று எழுதியதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. அடிக்கிற உரிமை என்று எனக்கு ஒன்று இருந்ததில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். பயம் இருக்கும் இடத்தில் சரிபார்க்கும் பழக்கம் போய்விடும். வாத்தியார் அட்டை மடிப்பைப் பார்க்க மாட்டார், போலீஸ் வேலி எலும்பைப் பார்க்க மாட்டார். தனக்கு அடங்கியவனைப் பார்த்து "இவன்தான்" என்று முடித்துவிடுவார்கள். என்னால் ஒரு பையனின் கை வீங்கியது. அங்கே ஒருவர் கழுத்து போனது. அளவுதான் வேறு, வழி ஒன்று.

பழைய கார்களை உடைக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கட்டும், மெழுகு தேய்க்கட்டும், பேரப்பிள்ளைகள் மணியை அடித்துப் பார்க்கட்டும். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் எஞ்சின் அளவு எழுதிய பலகையோடு இன்னொரு பலகையும் வைக்கட்டும். முன் சீட்டில் உட்கார்ந்தவர் என்ன பயிற்சி பெற்றார், பின் சீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நிரபராதிகளாக வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று. அதையும் படித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அடுத்த முறை அந்தக் கண்காட்சிக்குப் போனால் எனக்காக ஒன்று செய். முன்னால் நின்று கைகுலுக்க வேண்டாம். பின் கதவைத் திறந்து உள்ளே ஒரு நிமிடம் உட்கார். செய்யாத குற்றத்துக்குப் பிடித்து வந்திருக்கிறார்கள், நீ சொல்வதை யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்துக்கொள். அங்கிருந்து பார்த்தால் அந்த வண்டி எப்படி இருக்கிறது என்று எழுது. படிக்கக் காத்திருக்கிறேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். நாகரிகமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன். "நீங்க அடிச்சதாலதான் சார்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

நாளை காலை அந்த ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நாற்பது வருடம் தாமதம். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இரவு வணக்கம்.